பீலிக்ஸ் மறைந்து மிக்கி நிலைத்தது ஏன்? கார்ட்டூன் பாத்திரங்களின் ஆயுளைத் தீர்மானிப்பது எது?

கேள்வி: ஓவியப்பித்தன்

கார்ட்டூன் படங்களின் தொடக்க கால வரலாற்றைப் படித்தபோது எழுந்த ஐயம் ஒன்றை இங்கே முன்வைக்கிறேன். 1919இல் நியூயார்க்கில் பாட் சல்லிவனின் ஸ்டுடியோவில் உருவான பீலிக்ஸ் என்ற கறுப்புப் பூனை, 1920களின் நடுப்பகுதியில் உலகிலேயே மிகவும் புகழ்பெற்ற கார்ட்டூன் பாத்திரமாக விளங்கியது. அதற்குப் பொம்மைகள் இருந்தன, நாளிதழ்ச் சித்திரத்தொடர் இருந்தது, அதன் நடையைப் பற்றிப் பாடல்கூட இருந்தது. 1928 வாக்கில் ஆர்.சி.ஏ. நிறுவனத்துப் பொறியாளர்கள் தொலைக்காட்சி ஒளிபரப்பைச் சோதித்துப் பார்த்தபோது, கேமராவுக்கு முன்னால் சுழலும் தட்டின்மேல் நிறுத்தியதும் ஒரு பீலிக்ஸ் பொம்மையைத்தான்.

அதே 1928இல், நவம்பர் 18 அன்று, நியூயார்க்கின் காலனி திரையரங்கில் மிக்கி மவுஸ் தோன்றும் ஒலிப்படமான 'ஸ்டீம்போட் வில்லி' வெளியானது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் பீலிக்ஸ் திரையரங்குகளிலிருந்து காணாமற்போனது. மிக்கி மவுஸ் இன்றுவரை நிற்கிறது.

ஒலி வந்ததால் மௌனப் பூனை தோற்றது என்பதே எங்கும் சொல்லப்படும் விளக்கம். எனக்கு அது போதவில்லை. டாம் அண்ட் ஜெர்ரி ஏறக்குறைய வாய் பேசாத படங்கள்தாம். அவை எண்பது ஆண்டுகளைக் கடந்தும் பார்க்கப்படுகின்றன. பேச்சு இல்லாமையே பீலிக்ஸின் முடிவுக்குக் காரணம் என்றால், அந்தப் பூனையும் எலியும் எப்படி நிலைத்தன? ஒரு பாத்திரம் பல தலைமுறைகளுக்கு நீடிப்பது அதன் வடிவத்தாலா, குணத்தாலா, அல்லது அதற்கு வெளியே இருக்கும் காரணங்களாலா? இத்துறையை அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

---

மறுமொழி: பழையரீல்

நல்ல கேள்வி. முதலில் பேச்சையும் ஒலியையும் பிரித்துக்கொள்ள வேண்டும். ஸ்டீம்போட் வில்லியிலும் பேச்சு என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. அந்தப் படத்தை மக்கள் வியந்தது மிக்கி பேசியதற்காக அன்று. திரையில் நடக்கும் ஒவ்வோர் அசைவும் இசையின் தாளத்தோடு இம்மி பிசகாமல் பொருந்தியதற்காக. பசுவின் பற்களை மிக்கி தட்டும்போது அவை இசைக்கருவியாக ஒலிக்கின்றன. டாம் அண்ட் ஜெர்ரியும் இதே மரபில் வந்தவைதாம். பேச்சு இல்லாவிட்டாலும் அவற்றில் ஸ்காட் பிராட்லியின் இசை ஒரு நொடிகூட ஓய்வதில்லை. அந்த இசையை நீக்கிவிட்டுப் பார்த்தால் பாதி நகைச்சுவை போய்விடும். எனவே டாமை மௌனப்படத்துப் பூனையோடு ஒப்பிடுவது பொருந்தாது.

பீலிக்ஸின் நகைச்சுவை வேறு இலக்கணம் கொண்டது. ஓட்டோ மெஸ்மர் என்ற ஓவியர்தான் அதை உண்மையில் வளர்த்தெடுத்தார். அவர் முன்னரே சார்லி சாப்ளினைக் கார்ட்டூனாக வரைந்து பழகியவர் என்பதால், உடலசைவாலேயே மனத்தைக் காட்டும் கலை அவருக்குக் கைவந்திருந்தது. பீலிக்ஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து முன்னும் பின்னும் நடந்தால், யோசிக்கிறது என்று பொருள். தலைக்குமேல் கேள்விக்குறி எழும். அதையே பிடுங்கிக் கொக்கியாக்கிக்கொள்ளும். வால் கழன்று தேவைப்படும் கருவியாக மாறும். எழுத்தும் கோடும் பொருளாக மாறுகிற இந்த உலகம் மௌனத்தில்தான் இயல்பாக இருக்கும். ஒலி சேர்ந்தபின் அந்தக் கற்பனை நொறுங்கிவிட்டது என்று நான் கருதுகிறேன்.

ஆனால் உங்கள் ஐயம் சரியான இடத்தில்தான் நிற்கிறது. ஒலி ஒரு காரணமே தவிர, முழுக் காரணமன்று. உரிமையையும் நிர்வாகத்தையும் கவனியுங்கள். பீலிக்ஸின் உரிமையாளர் சல்லிவன், உழைத்தவர் மெஸ்மர். சல்லிவன் ஒலிக்கு மாறுவதில் அக்கறை காட்டாமல் தாமதித்தார். பின்னர் பழைய மௌனப் படங்களின்மேல் ஒலியை ஒட்டவைத்து வெளியிட்டபோது அது எடுபடவில்லை. 1933இல் அவர் இறந்தார். பாத்திரத்தை அறிந்தவரிடம் உரிமை இல்லை. மெஸ்மர் நாளிதழ்த் தொடரை வரைந்துகொண்டும், டைம்ஸ் சதுக்கத்தின் மின்விளக்கு விளம்பரப் பலகைகளுக்கு அசையும் படங்களை வடிவமைத்துக்கொண்டும் காலம் தள்ளினார். பீலிக்ஸ் படங்களுக்குப் பின்னால் இருந்தவர் அவரே என்பது பரவலாக ஏற்கப்படப் பல பத்தாண்டுகள் ஆயின.

டிஸ்னிக்கு இந்தப் பாடம் கசப்பாகவே கிடைத்தது. 1927இல் அவர் உருவாக்கிய ஆஸ்வால்ட் என்ற முயல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. 1928 தொடக்கத்தில் கூடுதல் பணம் கேட்டு நியூயார்க் சென்றபோது, முயலின் உரிமை யுனிவர்சல் நிறுவனத்திடம் இருப்பதையும், தம் ஓவியர்களில் பெரும்பாலோரை விநியோகத்தரான சார்லஸ் மின்ட்ஸ் தம் பக்கம் இழுத்துவிட்டதையும் அறிந்தார். விலகாமல் உடனிருந்த உப் ஐவர்க்ஸோடு சேர்ந்து உருவாக்கியதே மிக்கி. அதன்பின் எந்தப் பாத்திரத்தின் உரிமையையும் டிஸ்னி கைவிடவில்லை. ஆஸ்வால்ட் 2006இல்தான் டிஸ்னி நிறுவனத்துக்குத் திரும்பியது. அதுவும் அல் மைக்கேல்ஸ் என்ற விளையாட்டு வர்ணனையாளரை எதிர்த்தரப்புத் தொலைக்காட்சிக்கு விட்டுக்கொடுத்த பேரத்தின் ஒரு பகுதியாக. ஒரு முயலுக்கு மாற்றாக ஒரு மனிதர்!

---

மறுமொழி: நூலகவாசி

பழையரீல் அவர்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 1930களில் பிழைத்துக்கொண்டது எது என்பதும், இன்றுவரை நீடிப்பது எது என்பதும் இரண்டு வெவ்வேறு கேள்விகள். இரண்டாவதற்கான விடை ஸ்டுடியோவில் இல்லை. படப்பெட்டிகள் யார் கைக்குப் போயின என்பதில் இருக்கிறது.

டாம் அண்ட் ஜெர்ரியையே எடுத்துக்கொள்வோம். 1940இல் எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் முதல் படத்தை எடுத்தபோது அந்தப் பூனைக்கு ஜாஸ்பர் என்றே பெயர். இவர்கள் இருவரும் 1958 வரை வெளியான 114 படங்களை இயக்கினார்கள். அவற்றில் ஏழு ஆஸ்கர் வென்றன. இவ்வளவு பெருமை இருந்தும் 1957இல் எம்.ஜி.எம். தன் கார்ட்டூன் பிரிவையே மூடிவிட்டது. பழைய படங்களை மறுவெளியீடு செய்தாலே புதிய படங்களுக்கு ஏறத்தாழ நிகரான வருமானம் வருகிறது என்று கணக்குப் பார்த்ததே காரணம். வேலை இழந்த ஓவியர்களுக்கு அது கொடுமையான முடிவுதான். ஆனால் பழைய கார்ட்டூன் பழையதாகத் தெரிவதில்லை என்ற உண்மையை முதலில் கண்டுகொண்டவர் அந்தக் கணக்கர்தான் என்று சொல்வேன். நடிகர்களுக்கு வயதாகிறது, உடையும் தலைமுடியும் காலத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. வரைந்த பூனைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஏழு வயதுக் குழந்தைக்கு 1945ஆம் ஆண்டுப் படம் புதுப்படம்தான்.

அதற்கடுத்து வந்தது தொலைக்காட்சி. 1950களின் நடுவில் வார்னர் நிறுவனம் தன் பழைய கார்ட்டூன்களின் பெருந்தொகுதியை விற்றது. பாராமவுண்டின் பாப்பாய் படங்களும் அதே காலத்தில் கைமாறின. உள்ளூர் ஒளிபரப்பு நிலையங்கள் அவற்றை வாங்கி மாலைதோறும் திரும்பத் திரும்பக் காட்டின. திரையரங்கில் ஒரு படத்தைச் சில வாரங்கள் மட்டுமே பார்க்க முடிந்தது போய், பாப்பாயும் பக்ஸ் பன்னியும் வீட்டில் ஒருவராகிவிட்டார்கள். 1965இல் டாம் அண்ட் ஜெர்ரி சி.பி.எஸ். அலைவரிசையின் சனிக்கிழமைக் காலை ஒளிபரப்புக்கு வந்தது. அதற்காகச் சில படங்களைத் திருத்தினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டு வேலை செய்யும் கறுப்பினப் பெண் பாத்திரம், இனத்தை இழிவுபடுத்தும் வார்ப்பு என்ற கண்டனத்துக்கு உள்ளாகியிருந்ததால், அவள் வரும் காட்சிகளில் வேறு உருவம் வரைந்து சேர்க்கப்பட்டது. நீடிப்பதற்குக் கொடுத்த விலைகளில் இதுவும் ஒன்று. இந்த விஷயத்தில் அது கொடுத்தே தீர வேண்டிய விலை.

அடுத்த கட்டம்தான் நம் ஊரைத் தொடுகிறது. 1986இல் தொலைக்காட்சித் தொழிலதிபர் டெட் டர்னர் எம்.ஜி.எம். நிறுவனத்தை வாங்கி, கடன் சுமை தாங்காமல் பெரும்பகுதியை உடனே திருப்பி விற்றாலும், படத் தொகுப்பை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார். அதில் டாம் அண்ட் ஜெர்ரி இருந்தது. வார்னர் விற்ற பழைய கார்ட்டூன்களும் கைமாறிக் கைமாறி அதற்குள் வந்திருந்தன. 1991இல் ஹன்னா-பார்பரா நிறுவனத்தையும் வாங்கினார். இத்தனை படங்களையும் நாள் முழுவதும் ஓட்ட ஒரு சேனல் வேண்டுமே! 1992 அக்டோபர் 1 அன்று கார்ட்டூன் நெட்வொர்க் பிறந்தது. தொடக்கத்தில் அதற்கென்று புதிதாகத் தயாரித்த நிகழ்ச்சிகள் அரிது. ஓடியவை பெரும்பாலும் பழைய பெட்டிகள்தாம். 1990களின் நடுவில் அது இந்தியாவுக்கும் வந்தது. பகலில் கார்ட்டூன் ஓடும். இரவானால் அதே சேனலில் பழைய ஆங்கிலப் படங்கள் தொடங்கிவிடும். தமிழில் குரல் கொடுத்த நிகழ்ச்சிகள் அந்தச் சேனலில் வருவதற்கு முன்பே டாமும் ஜெர்ரியும் தமிழ்நாட்டு வீடுகளில் புகுந்துவிட்டார்கள் என்றால், அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை என்பதே காரணம். ஓவியப்பித்தன் எழுப்பிய கேள்விக்கு இதுவே என் விடை: பேச்சின்மை பீலிக்ஸை அழிக்கவில்லை, டாமை அது கடல் கடத்தியது. பீலிக்ஸின் மௌனப் படங்களைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, தலைமுறைதோறும் காட்டுவதற்கு டர்னரைப் போன்ற ஒருவர் வாய்க்கவில்லை.

---

மறுமொழி: கேரட்டுக்கடி

நூலகவாசி அவர்களே, பெட்டியில் இருந்த எல்லாமே நீடிக்கவில்லையே. அதே எம்.ஜி.எம். தொகுப்பில் பார்னி என்ற கரடியின் படங்களும் இருந்தன. அந்தக் கரடியை இன்று எத்தனை பேர் அறிவார்கள்? ஒரே தொகுப்பு, ஒரே சேனல், ஒரே ஒளிபரப்பு. ஒன்று நிலைத்தது, மற்றொன்று மறந்துபோனது. ஆகவே குணம் என்ற ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

பக்ஸ் பன்னிக்கு வரையறுத்த ஒழுக்கமே உண்டு. 1940 ஜூலையில் டெக்ஸ் ஏவரி இயக்கிய படத்தில்தான் அந்த முயல் இப்போது நாம் அறிந்த குணத்தோடு முதன்முதலில் தோன்றியது: துப்பாக்கியோடு நிற்கும் வேட்டைக்காரனிடம் கேரட்டைக் கடித்துக்கொண்டே சாவகாசமாக விசாரிக்கும் முயல். பின்னால் சக் ஜோன்ஸ் தம் படங்களில் ஒரு விதியைக் கடைப்பிடித்தார். பக்ஸ் தன் பாட்டுக்குத் தன் வளையில் இருக்க வேண்டும். வேறு யாராவது வந்து வம்புக்கு இழுக்க வேண்டும். அதன்பிறகே அது திருப்பியடிக்கலாம். இந்த விதி இல்லாவிட்டால் பக்ஸ் வெறும் குறும்புக்காரன், அதுவும் எரிச்சலூட்டுகிறவன். விதி இருப்பதால் நாம் அதன் பக்கம் நிற்கிறோம். அத்தனை இயக்குநர்கள் கைமாறியும் அந்தக் குணம் கலையாமல் இருந்ததற்கு மெல் பிளாங்கின் குரலும் காரணம். 1989இல் இறக்கும்வரை பக்ஸுக்கு அவரே பேசினார். 1961இல் கார் விபத்தில் நினைவிழந்து கிடந்த அவரிடம் மருத்துவர் பெயர் சொல்லி அழைத்துப் பயனில்லாமல், பக்ஸ் பன்னியை நலம் விசாரித்தபோது முயலின் குரலில் மறுமொழி வந்ததாகச் சொல்வார்கள். அவரே பலமுறை சொல்லிய கதை இது.

மிக்கியைப் பற்றி மட்டும் எனக்கு வேறு கருத்து. மிக்கி பாத்திரமாக நீடித்தது என்று நான் ஒப்ப மாட்டேன்; முத்திரையாக நீடித்தது. தொடக்க காலப் படங்களில் அது முரடன், குறும்பன். புகழ் ஏறியபின் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக இருக்கவேண்டிய கட்டாயம் வந்தது. குறும்பெல்லாம் 1934இல் வந்த டொனால்ட் டக்குக்குப் போய்ச் சேர்ந்தது. 1935இல் வெளியான முதல் வண்ண மிக்கி படத்திலேயே மிக்கி இசைக்குழுவை நடத்தும் கண்டிப்பான வாத்தியார். சிரிப்பு முழுவதும் புல்லாங்குழலோடு வந்து குழப்பும் வாத்தினுடையது. 1930களின் இறுதியில் டிஸ்னி ஓவியர் பிரெட் மூர் மிக்கியின் கண்களில் வெள்ளைப்பகுதி சேர்த்து, முகத்தை மாற்றியமைத்தார். தலையும் கண்ணும் பெரிதாகி, பத்தாண்டுக்குப் பத்தாண்டு மிக்கி குழந்தையாகிக்கொண்டே போவதை உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் 1979இல் அளந்தே காட்டினார். வழக்கமான மிக்கி குறும்படங்கள் 1953இல் நின்றுபோயின. அடுத்த திரையரங்கப் படம் 1983இல்தான். முப்பது ஆண்டுகள் புதிய திரைப்படம் ஒன்றுமே இல்லாமல் ஒருவர் உலகப்புகழோடு இருந்தார் என்றால், அந்தப் புகழுக்கும் நடிப்புக்கும் தொடர்பில்லை என்றுதானே பொருள்? கைக்கடிகாரமும், பூங்காவும், தொப்பியும் அந்த வேலையைச் செய்தன.

---

மறுமொழி: பழையரீல்

கேரட்டுக்கடி சொல்வது சற்று மிகை. 1955இல் தொடங்கிய மிக்கி மவுஸ் கிளப் நிகழ்ச்சியில் பழைய மிக்கி படங்கள் ஒளிபரப்பானதால்தான் அந்த முப்பது ஆண்டு இடைவெளியிலும் குழந்தைகள் அதை அறிந்தார்கள். தொப்பிக்கும் மூலம் அந்த நிகழ்ச்சிதான். மற்றபடி டொனால்டைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். படமாகப் பார்த்தால் நானும் வாத்தின் கட்சிதான்.

---

மறுமொழி: கிழக்குச்சாளரம்

இதுவரை பேசியவர்கள் அனைவரும் அமெரிக்காவை மட்டுமே பார்க்கிறார்கள். ஜப்பானின் சசாஏ-சானைக் கணக்கில் சேர்த்தால் நூலகவாசியின் கருத்து ஆட்டம் காணும்.

மச்சிகோ ஹசெகவா என்ற பெண் ஓவியர் 1946இல் புகுவோக்கா வட்டார நாளிதழ் ஒன்றில் நான்கு கட்டச் சித்திரத்தொடராகத் தொடங்கியது இது. கூட்டுக்குடும்பமாகப் பெற்றோர், தம்பி, தங்கை, கணவன், மகன் ஆகியோரோடு வாழும் ஓர் இல்லத்தரசியின் அன்றாடம்தான் கதை. 1969 அக்டோபரில் புஜி தொலைக்காட்சியில் அனிமேஷன் தொடராக வந்தது. இன்றும் ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு வந்துகொண்டிருக்கிறது. உலகிலேயே மிக நீண்டகாலம் ஓடும் அனிமேஷன் தொலைக்காட்சித் தொடர் என்று கின்னஸ் பதிவு செய்திருக்கிறது. சசாஏவுக்கு 1969 முதல் குரல் கொடுப்பவர் மிதோரி கத்தோ ஒருவரே. 2013 வரை செல்லுலாயிட் தாளில் கையால் வண்ணம் தீட்டும் பழைய முறையைக்கூட அவர்கள் முழுவதுமாக விடவில்லை.

பழைய பெட்டிகளைத் திரும்பத் திரும்பக் காட்டியதால் இந்தத் தொடர் வாழவில்லை. வாரந்தோறும் புதிய கதை வருவதால் வாழ்கிறது. உலகச் சந்தையும் இதற்கு இல்லை. ஜப்பானுக்கு வெளியே பெயர் தெரிந்தவர்கள் குறைவு. துரத்தலும் இல்லை, அடிதடியும் இல்லை, முத்திரை பொறித்த பூங்காவும் இல்லை. யாருக்கும் வயதாகாத ஒரு வீடு, ஞாயிற்றுக்கிழமை முடிந்து மறுநாள் வேலைக்குப் போகவேண்டிய மாலை நேரம், அவ்வளவே. மிக்கியைவிடவும் டாமைவிடவும் இந்த அம்மாளை அந்த மக்கள் நெருக்கமாக வைத்திருக்கிறார்கள். 'நீடித்த புகழ்' என்று சொல்லும்போது எத்தனை நாடுகளில் என்று மட்டும் கேட்பது எவ்வளவு சரி என்று யோசிக்கலாம்.

---

மறுமொழி: நூலகவாசி

நல்ல எடுத்துக்காட்டு. ஆனாலும் அது என் கருத்தை முறிக்கவில்லை, திருத்துகிறது என்பேன். திரும்பத் திரும்பக் குழந்தைகளின் கண்முன் வருவது என்பதே அடிப்படை. அமெரிக்காவில் அதைப் பழைய படங்கள் செய்தன, ஜப்பானில் தவறாத நேரம் செய்தது. கிழக்குச்சாளரம் சொன்ன தொடரை டோஷிபா நிறுவனம் 1969 முதல் 2018 வரை ஆதரித்து வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரை நூற்றாண்டு அசையாத ஓர் ஆதரவாளர் அமெரிக்கக் கார்ட்டூன் எதற்கும் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.

பார்னி கரடியைப் பற்றிய கேள்விக்கு என்னிடம் மறுப்பு இல்லை. தொகுப்பு வாய்ப்பைத் தரும். அந்த வாய்ப்பில் யாரைக் குழந்தை மறுபடியும் கேட்கிறது என்பதைக் குணம்தான் முடிவு செய்யும்.

---

ஓவியப்பித்தன்

அனைவருக்கும் நன்றி. ஒரு துணைக்கேள்வி மட்டும்: பீலிக்ஸ் முற்றிலும் ஒழிந்துவிட்டதாக நான் எழுதியது சரிதானா? கையில் மஞ்சள் பையோடு திரியும் ஒரு பீலிக்ஸை எங்கோ பார்த்த நினைவு. மேலும், மௌனப் படங்களில் எதிலிருந்து தொடங்குவது?

---

மறுமொழி: பழையரீல்

நீங்கள் பார்த்தது 1958இல் ஜோ ஒரியோலோ தொலைக்காட்சிக்காக மறுபடியும் உருவாக்கிய பீலிக்ஸ். அந்த மந்திரப் பை அவருடைய சேர்க்கை. பழைய பூனை தன் வாலைக் கழற்றிச் செய்த வேலையையெல்லாம் இந்தப் பை செய்துவிடும். அதனால்தானோ என்னவோ, எனக்கு அந்தத் தொடரில் மனம் ஒட்டுவதில்லை. பாத்திரத்தின் உரிமை 2014இல் டிரீம்வொர்க்ஸ் நிறுவனத்துக்குச் சென்றது. ஆக, பெயர் சாகவில்லை.

மௌனப் படங்களில் 1923இல் வெளிவந்த 'பீலிக்ஸ் இன் ஹாலிவுட்' படத்திலிருந்து தொடங்குங்கள். பீலிக்ஸ் வாய்ப்புத் தேடி ஸ்டுடியோவுக்குப் போய்ச் சாப்ளினைப் போல நடித்துக்காட்டும். கார்ட்டூன் சாப்ளினே அங்கு வந்து, தன் வித்தையைத் திருடுவதாகச் சண்டைக்கு வருவார். மெஸ்மர் யாரிடம் கற்றார் என்பதை அவரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்ளும் காட்சி அது. பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்தில் தடையின்றிக் கிடைக்கிறது. பின்னணியில் யாரோ சேர்த்திருக்கும் பியானோ இசையை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.